கடைசி பஸ் போன பிறகுதான் நாயனம்: ஊர்ப்பக்க இசையை நேரில் கேட்கக் கிளம்புபவர்களுக்கு

நீடாமங்கலம் பக்கம் ஒரு சின்ன ஊர் எனக்கு. பத்தாவது முடித்த வருடம், பக்கத்து ஊர்த் திருவிழாவில் சாமி கோபுர வாசலைத் தாண்டியபோது இரண்டு நாயனமும் (நாதஸ்வரத்தை அப்படித்தான் சொல்வோம்) இரண்டு தவிலும் ஒன்றாக எழுந்தன. அதுவரை எனக்குப் பாட்டு என்றால் இயர்போன். அன்றைக்குத் தவில் என் நெஞ்சுக்கூட்டுக்குள் அடித்தது. வீட்டுக்கு எப்படிப் போனேன் என்றே தெரியவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் நன்றாகத் தெரியும். பஸ் இல்லை, எட்டு கிலோமீட்டர் நடந்தேன், வாசலில் அப்பா நின்றிருந்தார்.

அதற்கப்புறம் மூன்று வருடம் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கையில் காசில்லாத, வண்டி இல்லாத, இரவில் வெளியே விட வீட்டில் யோசிக்கிற பதினைந்து, பதினாறு வயதுக்காரர்களுக்காக எழுதுவது இது. எனக்குத் தெரிந்தது டெல்டா. மற்ற பக்கத்துக்காரர்கள் ஊர்ப் பெயரையும் வாத்தியத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

1. செல்போனை மூடிவிட்டுச் சுவரைப் படியுங்கள்

எங்கள் பக்கத்தில் நல்ல கச்சேரி எதுவும் இணையத்தில் அறிவிக்கப்படுவதில்லை. கோயில் அழைப்பிதழில்தான் எல்லாம் இருக்கும். கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் அது அச்சாகி வரும். கோயில் அலுவலகக் கதவு, டீக்கடைச் சுவர், சலூன் கண்ணாடியின் ஓரம், இந்த மூன்று இடத்திலும் பாருங்கள். பார்த்ததும் முழுப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் அதன் மேல் வேறு போஸ்டர் ஒட்டிவிடுவார்கள்.

அழைப்பிதழில் பெரிய எழுத்தெல்லாம் உபயதாரர்களுக்கும் முன்னிலை வகிப்பவர்களுக்கும்தான். நமக்கு வேண்டியது ஒவ்வொரு நாளின் கீழும் பொடி எழுத்தில் இருக்கும். வெறுமனே 'மங்கள இசை' என்று போட்டு உள்ளூர்க் குழுவின் பெயர் இருந்தால் அது வழக்கமான சேவை. 'சிறப்பு நாதஸ்வரம்', 'ஸ்பெஷல் தவில்' என்று போட்டு வெளியூர்ப் பெயர் இருந்தால் அந்த நாளைச் சுழித்து வையுங்கள். அந்த நாள் மண்டகப்படிக்காரர், அதாவது அன்றைய விழாச் செலவை ஏற்றவர், மேளத்துக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

இதற்காக உள்ளூர் மேளத்தை மட்டமாக நினைத்துவிடாதீர்கள். நான் கேட்டதிலேயே சிறந்த தோடி ராகம், பெயர் போடாத ஒரு உள்ளூர்க்காரர் வாசித்தது.

ஒரு பொறி: போன வருடத் தேதியை நம்பாதீர்கள். திருவிழா நட்சத்திரத்தையும் திதியையும் பார்த்து வருவது, இங்கிலீஷ் தேதிக்கு அது கட்டுப்படாது. நான் ஒருமுறை பழைய அழைப்பிதழைப் பார்த்துக் கிளம்பிப் போய், பூட்டிய தேருக்கு எதிரில் உட்கார்ந்து கடலை தின்றுவிட்டு வந்தேன்.

இன்னொன்று பரீட்சை. பங்குனி மாதம் மார்ச் நடுவில் பிறந்து ஏப்ரல் நடுவில் முடியும். மன்னார்குடி ராஜகோபாலசுவாமிக்குப் பங்குனியில் பதினெட்டு நாள் உற்சவம். பிளஸ் டூ பரீட்சையும் அப்போதுதான் வரும். பதினெட்டு நாளும் போக ஆசை இருக்கும். இரண்டு நாளைத் தேர்ந்தெடுத்து வீட்டில் பேரம் பேசுங்கள். பரீட்சை வருடமாக இருந்தால் பேரமும் வேண்டாம், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

2. அழைப்பிதழில் உள்ள நேரத்தை நம்பாதீர்கள்

'இரவு 7 மணிக்கு சுவாமி புறப்பாடு' என்று இருந்தால் ஏழு மணிக்கு அலங்காரமே ஆரம்பித்திருக்காது. நான் பார்த்தவரை இரண்டு மணி நேரத் தாமதம் சர்வசாதாரணம், மூன்று மணி நேரமும் ஆகும். சரியான நேரம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வாசலில் பூக்கடை வைத்திருப்பவர், இன்னொருவர் சாமி தூக்குகிற ஸ்ரீபாதம்தாங்கி. "கச்சேரி எப்போ?" என்று கேட்காதீர்கள், அது அவர்கள் கணக்கிலேயே கிடையாது. "சாமி எத்தனை மணிக்கு வெளியே வரும்?" என்று கேளுங்கள்.

இரவில் அனுமதி கிடைக்காதவர்களுக்கு இரண்டு வழி உண்டு. மார்கழி மாதம் விடியற்காலைப் பூஜைக்குப் பல கோயில்களில் நாயனம் வாசிப்பார்கள். நாலரை, ஐந்து மணிக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறேன் என்றால் எந்த வீட்டிலும் தடுக்க மாட்டார்கள். கூட்டமும் இருக்காது. பிராகாரத்தில் பத்து பேர், குளிர், நடுவில் நாயனம். இன்னொன்று, திருவாரூர் தியாகராஜர் கோயில் சாயரட்சை, அதாவது மாலைப் பூஜை. மாலை ஆறு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். ஐந்து முகம் கொண்ட தோல்கருவியான பஞ்சமுக வாத்தியத்தை அங்கே பார்க்கலாம், கேட்கலாம். வேறெங்கும் எளிதில் கிடைக்காத சத்தம் அது. எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடலாம்.

3. வீட்டில் பொய் சொல்லாதீர்கள்

ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை, மாட்டிக்கொள்வீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். 'குரூப் ஸ்டடி' என்று சொல்லிவிட்டுப் போன இரவில், தேரடி டீக்கடையில் எனக்கு முன்னால் கிளாஸை நீட்டியவர் என் பெரியப்பா. அதற்கப்புறம் ஆறு மாதம் எந்தத் திருவிழாவுக்கும் போக முடியவில்லை.

எனக்குப் பலித்த வழி இதுதான். ஒரு தாளில் ஊர், கோயில், யாரோடு போகிறேன், போகிற பஸ், திரும்புகிற பஸ், அந்த ஊரில் தெரிந்தவர் ஒருவரின் போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். பார்த்ததும் அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. முதல் இரண்டு முறை வீட்டில் ஒருவரை உடன் அழைத்துப் போவது இன்னும் நல்லது. என் அத்தை துணைக்கு என்று வந்தார். இப்போது என்னைவிட அதிகமாகக் கச்சேரிக்குப் போகிறவர் அவர்தான்.

பெண் பிள்ளைகளுக்கு இது கூடுதல் சிரமம் என்பதை மறைக்க மாட்டேன். கோயிலுக்குள் நடக்கும் காலை, மாலைச் சேவைகளில் ஆரம்பியுங்கள். வீதி உலாவுக்கு அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று நாலு பேராகச் சேர்ந்து போங்கள். வீதியில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணை ஒன்று கிடைத்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது.

4. கடைசி பஸ், முதல் பஸ்

மொத்தச் சிக்கலும் இங்கேதான். எங்கள் பக்கம் கிராமத்து வழித்தடங்களில் ஒன்பதரை, பத்து மணிக்குக் கடைசி பஸ் போய்விடும். சாமி புறப்படுவதே பத்து மணிக்கு. ஆகவே, பாதியில் திரும்புவது என்று திட்டம் போடவே போடாதீர்கள். ஒன்று, ஊருக்குள்ளேயே நடக்கிற விழாவுக்குப் போங்கள். இல்லை, விடியும்வரை இருந்து நாலரை, ஐந்து மணி முதல் பஸ்ஸில் வாருங்கள். இடைப்பட்ட வழி என்று ஒன்று உண்டு, முன்பின் தெரியாதவர் பைக்கில் லிஃப்ட் கேட்பது. திருவிழா இரவில் அது வேண்டவே வேண்டாம். ஓட்டுகிறவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று இருட்டில் தெரியாது.

பஸ் நேரத்தை டிப்போவில் கேட்பதைவிட அந்த ஊர் பஸ் ஸ்டாண்டுப் பழக்கடையில் கேளுங்கள். கேட்டுவிட்டு இன்னொரு கடையிலும் கேளுங்கள். தேர் அன்று வீதிகளில் வண்டி விட மாட்டார்கள், பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். எங்கே நிற்கும் என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூட இலவச பஸ் பாஸை நீட்டிப் பார்க்காதீர்கள். அது வீட்டுக்கும் பள்ளிக்கும் போய்வருவதற்கு மட்டும். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. புறநகர் பஸ்ஸிலும் எக்ஸ்பிரஸிலும் டிக்கெட் எடுக்க வேண்டும். இரண்டு டவுன் பஸ் மாறிப் போனால் நேரம் ஆகும், காசு மிஞ்சும்.

5. பையும் செலவும்

எடுத்துப் போக வேண்டியவை: ஆதார் நகல் அல்லது பள்ளி அடையாள அட்டை, வீட்டு நம்பர் எழுதிய ஒரு சீட்டு, தண்ணீர் பாட்டில், துண்டு, கொசுவுக்கு ஓடோமாஸ், சின்ன நோட்டு, பேனா. போனில் சார்ஜ் தீரும் என்று தெரிந்துதான் நம்பரைச் சீட்டில் எழுதச் சொல்கிறேன். நான் சாமி புறப்பாட்டு இசையான மல்லாரி முழுவதையும் படம் பிடித்து, பத்தரைக்கே போனை அணைய விட்டு, விடியற்காலை வரை வீட்டாரை அழவைத்தவன். இரண்டு நிமிடம் பதிவு செய்தால் போதும். கூட்டத்துக்கு நடுவில் எடுத்ததை நீங்கள் திரும்பக் கேட்கப்போவதில்லை.

கேட்பதற்குக் காசு கிடையாது. 25 கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊர் என்றால் பஸ்ஸுக்குப் போக வர 50 ரூபாய், இரண்டு டீ, ஒரு தட்டு இட்லி, கலைஞருக்குக் கொடுக்க 50 என்று 200 ரூபாய்க்குள் ஓர் இரவு முடிந்துவிடும். அன்னதானம் இருந்தால் இட்லிக் காசு மிச்சம். தேர்க்கடையில் விற்கிற புல்லாங்குழலை வாங்காதீர்கள், அதில் சுருதி இருக்காது. தம்பிக்கு விளையாடக் கொடுக்கலாம்.

6. எங்கே நிற்பது

வீதி உலாவில் மேளம் சாமிக்கு முன்னால் போகும். நிற்கிற இடங்களில் வாசிப்பவர்கள் சாமியைப் பார்த்துத் திரும்புவார்கள். அந்த இடைவெளியில் போய் நிற்காதீர்கள். முதல் நாள் நான் நின்றேன். தீவட்டிக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஸ்பீக்கர் பக்கமும் வேண்டாம். தள்ளுவண்டியில் ஜெனரேட்டரோடு வருகிற அந்தப் பெட்டி நாயனத்தைத் தகர டப்பா ஆக்கிவிடும். நாயனத்தின் அடிவாய் அணசு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்தில், பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிச் சாய்வாக நில்லுங்கள். தவில்காரரின் வலக்கை உங்களுக்குத் தெரிய வேண்டும். வலப்பக்கமான வலந்தரையில் விரல்கள் விளையாடும், இடப்பக்கமான தொப்பியில் கம்பு பேசும். இரண்டையும் ஒரே நேரத்தில் கவனிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. முதலில் கம்பை மட்டும் கவனியுங்கள்.

முதலில் கேட்கிறது மல்லாரி. சாமி புறப்படும்போது வாசிப்பது, வார்த்தை இல்லாதது, பெரும்பாலும் கம்பீரநாட்டை ராகத்தில். அதைக் கேட்டுவிட்டு 'ஆச்சு' என்று கிளம்புகிற கூட்டத்தோடு நீங்களும் கிளம்பிவிடாதீர்கள். எங்கள் ஊரில் கீழவீதியில் தள்ளுமுள்ளு, தெற்கு வீதியில் மாலை மரியாதை, மேலவீதியில் வாணவேடிக்கை. வடக்கு வீதி திரும்பும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். தூக்கத்தில் குழந்தைகள், திண்ணையில் நாலு கிழவர்கள், அவ்வளவுதான் கூட்டம். அங்கேதான் ஒரே ராகத்தை முக்கால் மணி நேரம் வாசிப்பார்கள்.

அப்படி ஓர் இரவில், மண்டகப்படிக்கு நின்ற இடைவேளையில், வயதான தவில்காரர் ஒருவர் என் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்தார். விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்தார். பசை தோய்த்த துணியைச் சுற்றிக் காயவைத்துச் செய்கிற கெட்டித் தொப்பிகள் அவை. உள்ளே விரல் நுனிகள் வெளுத்து, ஊறிய பட்டாணி மாதிரி சுருங்கியிருந்தன. டீயை அந்த விரல்களால் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குடித்தார். குடித்து முடித்து, கூடுகளை அதே வரிசையில் மாட்டி, ஒவ்வொன்றையும் தவிலின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். ஒன்று பிடிக்கவில்லை. கழற்றி, எச்சில் தொட்டு, மறுபடி மாட்டினார். அப்புறம்தான் எழுந்தார்.

7. கலைஞர்களிடம் பேச

இடைவேளையில் பேசுங்கள், வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது வேண்டாம். பெரியவர்களை ஐயா என்றும், தாளம் போடும் இளையவர்களை அண்ணே என்றும் கூப்பிட்டால் போதும். "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்பதற்குத் தலையாட்டுவார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். "ஐயா, மேலவீதியில வாசிச்சது என்ன ராகம்?" என்று கேட்டால் அவர்களே பேச ஆரம்பிப்பார்கள். சிலர் பாடியும் காட்டுவார்கள். கேட்ட பெயரை அங்கேயே நோட்டில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்தால் ஹரிகாம்போதி காம்போதி ஆகிவிடும்.

வாத்தியத்தைத் தொடாதீர்கள். சீவாளியைத் தொடவே தொடாதீர்கள், அது வாயில் வைக்கிற பொருள். பணம் கொடுப்பதானால் வாசிப்பு முடிந்தபின் கையில் கொடுங்கள். வாசிக்கும்போது சட்டையில் குத்துவது எனக்குப் பிடிக்காது, அவர்களில் பலருக்கும் பிடிக்காது.

8. நாயனம் மட்டும்தானா?

இல்லை. தஞ்சாவூரை அடுத்த ரெட்டிபாளையம், தப்பு என்கிற பறையை அடித்து ஆடும் தப்பாட்டக்காரர்களுக்குப் பெயர்போன ஊர். மாரியம்மன் திருவிழாக்களில் தப்பு, நையாண்டி மேளம் இரண்டும் உண்டு. தப்பைப் பகலிலேயே கேட்கலாம், அது பதின்வயதுக்கு வசதி. வாசிப்பதற்கு முன் தோலைத் தீயில் காட்டிச் சூடேற்றுவார்கள், அந்த நேரத்திலேயே போய்விடுங்கள். துக்க வீட்டிலும் தப்பு அடிப்பார்கள். அங்கே தள்ளி நின்று கேட்கலாம், போனை வெளியே எடுக்காதீர்கள்.

மெல்லிசைக் குழுக்களுக்குப் போலீஸ் அனுமதி வேண்டும், ஒலிபெருக்கிக்கு இரவு பத்து மணிக் கட்டுப்பாடும் உண்டு. அதனால் ஏழுக்கே ஆரம்பித்துவிடுவார்கள், கடைசி பஸ்ஸையும் பிடித்துவிடலாம். ஆனால் மேடைக்கு முன்னால் பாஸ் பெட்டி அருகே நின்றால் இரண்டு நாள் காதில் வண்டு ரீங்காரம் போடும். எனக்குப் போட்டது. மெடிக்கலில் நுரை இயர்பிளக் கிடைக்கும். பஞ்சு அடைப்பது உதவாது.

9. ஒருநாள் திருவையாறு

ஓரளவு பழகியபின் போங்கள். தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர், அடிக்கடி பஸ் உண்டு, அனுமதி இலவசம். கீர்த்தனைகள் இயற்றிய தியாகராஜ சுவாமிகளின் நினைவு நாளான தியாகராஜ ஆராதனை, புஷ்ய பகுள பஞ்சமியில் (புஷ்ய மாதத் தேய்பிறைப் பஞ்சமி) வரும். 2023-இல் ஜனவரி 11, 2024-இல் ஜனவரி 30, 2025-இல் ஜனவரி 18. தேதி எப்படி ஓடுகிறது பாருங்கள், அந்தந்த வருடப் பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். அன்றைக்குத் தஞ்சாவூர் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். எங்கள் திருவாரூர் மாவட்டத்துக்குக் கிடையாது, லீவு லெட்டரை முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

ஒன்பது மணிவாக்கில் அவருடைய பஞ்சரத்தின கீர்த்தனைகள் ஐந்தையும் எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். ஏழு மணிக்கே பந்தலுக்குள் இருந்தால்தான் இடம். முன்பகுதி பாடகர்களுக்கு, அங்கே போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரும். என் சொந்த அபிப்பிராயம்: அந்த ஒரு மணி நேரத்தைவிட, அதற்கு முந்தைய நாட்களின் பிற்பகல் நல்லது. ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று வரிசையாக வந்து பாடிவிட்டுப் போவார்கள். மணலில் காலை நீட்டி உட்கார்ந்து கேட்கலாம், பின்னால் காவிரி.

10. கற்றுக்கொள்ளத் தோன்றினால்

தோன்றும். அப்போது செய்யக் கூடாத முதல் காரியம் வாத்தியம் வாங்குவது. ஆடுதுறைக்குப் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்கிறார்கள், 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆச்சா மரத்தைக் கடைவதைப் போய்ப் பாருங்கள், பார்க்கக் காசில்லை. வாங்குவதை வாத்தியார் சொன்னபின் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் படித்துக்கொண்டே கற்க ஜவகர் சிறுவர் மன்றம். 5 முதல் 16 வயது வரை சேர்க்கிறார்கள், வகுப்பு பள்ளி நேரத்துக்கு வெளியே. மாவட்ட அரசு இசைப் பள்ளி வேறு. தமிழ்நாட்டில் 17 இருக்கின்றன, எங்களுக்குத் திருவாரூர், மாயவரம் பக்கத்தாருக்குச் சீர்காழி. 12 முதல் 25 வயது, மூன்று வருடச் சான்றிதழ், கட்டணம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான், மாதம் சிறு உதவித்தொகையும் தருகிறார்கள். குரலிசை, வயலின், மிருதங்கத்துக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.

பெரிய பொறி இங்கேதான் இருக்கிறது. வகுப்பு காலை பத்து முதல் மாலை நான்கு வரை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டே சேர முடியாது. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், பிளஸ் ஒன் படிக்கும்போது சீருடையோடு விண்ணப்பம் கேட்டுப் போய் நின்றவன் நான். அடுத்த முறை பிளஸ் டூ முடித்துவிட்டு ஆகஸ்ட்டில் போனேன், சேர்க்கை முடிந்திருந்தது. மே மாதமே போய் விசாரித்துவிடுங்கள்.

மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், இவற்றின் அசலும் இரண்டிரண்டு நகலும் கையில் இருக்கட்டும். பெயரின் முதலெழுத்து ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் ஒன்றாக இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள், என்னுடையதில் ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் இருந்து ஒருநாள் வீணானது. ஜெராக்ஸை ஊரிலேயே எடுத்துவிடுங்கள். நான் போன அன்று எதிரில் இருந்த ஒரே கடையில் கரண்ட் இல்லை.